ஊர்த் தொண்டரைத் தாங்குவார் யார்?

சேலத்திலிருந்து மேற்கே சங்ககிரி நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், இச்சமவெளி உழைப்பாளிகளின் நாடு என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வர். இருமருங்கிலும் மரவள்ளிக் காடுகள்; சவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெயிலில் காயும் வெண்மணிகள்; தொலைவில் சங்ககிரி மலைக்கோட்டை. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி, நாமக்கல்லில் கோழிப்பண்ணை என்று ஊருக்கு ஒரு தொழில். வானம் பார்த்த பூமியில் பிறந்தும் வாளாவிராமல், வடநாடு வரை வண்டி கொண்டுபோய்ப் பிறர் நிலத்தில் நீர் கண்டு கொடுத்துப் பிழைக்கும் துணிவுடையவர்கள் இம்மக்கள்.

தொழிலுக்கு இத்துணை முனைப்புள்ள நாட்டிலும் பொதுக் காரியத்துக்கு என்று ஓர் ஆள் தேவைப்படுகிறார். வட்டிக் கொடுமை, குடி, கூலிக் குறைவு, சாதிப் பகை ஆகியவை தாமாக நீங்குவதில்லை. வீடு வீடாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து, பிணங்கியோரை இணக்கி, கணக்கு எழுதி, மனு எழுதி, மறுநாளும் அதே வாசலில் போய் நிற்க ஒருவர் வேண்டும். அவரைச் சிலர் அமைப்பாளர் என்பர். சிலர் ஊக்குநர் என்பர். சிலர் களப்பணியாளர் என்பர். பெயர் எதுவாயினும், அவரைப் பயிற்றுவிப்பது எவ்வாறு, பயிற்றுவித்த பின் தாங்குவது எவ்வாறு என்னும் கேள்வி நம் குடும்பங்கள் அனைத்தையும் தொடுவது.

எமது பங்கில் இக்கேள்வி சில மாதங்களாகவே நிலவி வந்தது. ஊர்ப் பணிக்கென ஆட்களைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பப் பங்குப் பேரவையினர் அனைவரும் மகிழ்வுடன் இசைந்தனர். பயிற்சி முடிந்து திரும்புவோர்க்கு மாதந்தோறும் நாம் செய்ய வேண்டியது என்ன என்று ஒருவர் வினவியதும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பேசிப் பயனில்லை, இவ்வட்டாரத்தில் இதனைச் செய்து பார்த்தவர்களின் இடங்களையேனும் காண்போம் என்று எண்ணி, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேருடன் ஒரு நாள் பயணம் புறப்பட்டோம். ஐவர் பெண்கள், நால்வர் இளைஞர்கள். பெண்களில் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மகளிர் குழுவின் ஊக்குநராய் இருந்தவர். அப்பொறுப்பை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார்.

புதுப்பாளையத்துக் குடில்கள்

திருச்செங்கோட்டுச் செம்மலையைக் கண்டபின், கிராமச் சாலைகள் வழியே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தை அடைந்தோம். மரநிழலும் அமைதியும் நிறைந்த இடம். இராஜாஜி வாழ்ந்த சிறிய இல்லத்தைக் கண்ட எம் இளைஞர் ஒருவர், “கவர்னர் ஜெனரலாக இருந்தவரா இங்கே இருந்தார்?” என்று வியந்தார். கவர்னர் ஜெனரல் ஆவதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் இங்கே வந்து குடியேறினார் என்று விளக்கினோம்.

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் இவ்வாசிரமம் தொடங்கப்பெற்றது. புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் நிலம் அளித்தார். தொடங்கி வைத்தவர் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறிய பெரியாரும், இறுதிவரை அவருடன் கருத்து மாறுபட்டிருந்த இராஜாஜியும் ஒரு கதர்ப் பணிக்காக இச்சிற்றூரில் ஒன்றுகூடி நின்றனர் என்பதை இளைய தலைமுறை அறிந்திருப்பது நன்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே காந்தியடிகள் இங்கு வந்தார். 1934-இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது மீண்டும் இப்பகுதிக்கு வந்தார்.

இராஜாஜிக்கு அப்போது வயது 46. சேலத்தில் வழக்கறிஞராய்ப் பெரும்பொருள் ஈட்டியவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராய் இருந்தவர். மனைவியை இழந்தவர். தம் பிள்ளைகளுடன் குடிலில் வந்து அமர்ந்தார். அவருடன் வந்தவர்களில் கே. சந்தானம் அவர்களும் ஒருவர். பிற்காலத்தில் மத்திய அமைச்சராயும், 1962-இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவின் தலைவராயும் விளங்கியவர் அவரே. நூல் எடை போட்டுக் கணக்கு எழுதும் பணியில் பயின்ற கை அது.

அந்நாளில் இவ்வட்டாரத்தில் மழை பொய்த்திருந்தது. காட்டு வேலை இல்லாத பெண்கள், நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக்கொண்டு பல மைல் நடந்து ஆசிரமத்துக்கு வருவர். நூலைக் கொடுத்துக் கூலியும் பஞ்சும் பெற்றுத் திரும்புவர். சில அணாக்களே கூலி. ஆனால் அடுப்பெரிய வேறு வழியில்லாத வீட்டில் அந்த அணாக்களின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

ஊழியர்கள் கற்றவை என்னென்ன என்று எண்ணிப் பார்த்தோம். கொட்டை நீக்குதல், பஞ்சு கொட்டுதல், நூற்றல், நூலின் தரம் பார்த்தல், பிழையின்றிக் கணக்கு வைத்தல். இவற்றைத் தாமே செய்யத் தெரியாதவர் நூற்கும் பெண்ணிடம் சென்று குறை சொல்லத் தகுதியற்றவர் என்பது காந்தியடிகளின் கருத்து. ஆகவே சொற்பொழிவாற்றக் கற்பிப்பதற்கு முன்னர்க் கைவேலை கற்பிக்கப்பட்டது. இதனினும் கடினமான பாடம் ஒன்றும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரும் பிறரும் இங்கே ஒரே வளாகத்தில் வாழ்ந்து, ஒரே பந்தியில் உண்டனர். சுற்றூரார்க்கு இது எளிதில் செரிக்கவில்லை. ஊர்ப் பகையும் ஒதுக்கலும் நேர்ந்தன. வெளியே சென்று சமத்துவம் பேசுமுன், உள்ளே அதனை உண்டு பழக வேண்டியிருந்தது.

தாங்கியவை மூன்று

ஆசிரமத்து மரநிழலில் அமர்ந்து, பயிற்சி பெற்றோர் மனந்தளராமல் நிற்க உதவியவை எவை என்று பேசினோம். மூன்று தெளிவாயின.

முதலாவது, தனிமையின்மை. பகலெல்லாம் ஊர்களில் ஏச்சுக் கேட்டவர், மாலையில் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது. அங்கே அதே ஏச்சைக் கேட்ட மற்றொருவர் இருந்தார். இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டால் பாதி துயரம் தீர்ந்தது. சீடரை இருவர் இருவராக அனுப்பியதும், திரும்பி வந்தோரைத் தனியிடத்தில் இளைப்பாற அழைத்ததும் நற்செய்தியில் நாம் அடிக்கடி கேட்பவை. அனுப்புதலை நினைவில் வைக்கும் நாம், இளைப்பாற அழைத்ததை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, உறுதியான படி. ஊழியர்க்குக் கிடைத்தது சிறு தொகையே. ஆயினும் அது பொதுநிதியிலிருந்து வந்தது. ஊர்ப் பெரிய தனக்காரரிடம் கையேந்தும் நிலை இல்லை. 1925 செப்டம்பரில் அகில இந்திய நூற்போர் சங்கம் அமைந்தபோது, சிதறிக் கிடந்த இத்தகைய நிலையங்களுக்கு முதலும் ஒழுங்கும் கிடைத்தன. அச்சங்கம் 1935-இல் நூற்கும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்ற முடிவையும் மேற்கொண்டது. உழைப்போரின் வயிறும் ஊழியரின் வயிறும் ஒரே நியாயத்தில் வைத்து எண்ணப்பட்டன.

மூன்றாவது, சொல்வதற்கு ஒரு கருவி. 1929-இல் இங்கிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை இராஜாஜி தொடங்கினார். துணையாயிருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. கதையும் படமும் கலந்து, எழுத்துக் கூட்டிப் படிப்போர்க்கும் விளங்கும் வண்ணம் அது வெளிவந்தது. பத்து இதழ்களே வந்தன. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கவே நின்றுபோயிற்று. ஆயினும் ஊர் ஊராய்ச் செல்லும் தொண்டர் கையில் வெறுங்கையின்றிக் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது.

பின்னர் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதல் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. சட்டத்தின் பிற்கால வரலாற்றை வாசகர் அறிவர். போர்க்காலத்தில் தளர்ந்தது; 1948-இல் மாகாணம் முழுதும் பரவியது; 1971-இல் நீக்கப்பட்டு 1974-இல் மீண்டது; 2003 முதல் அரசே சில்லறைக் கடைகளில் மது விற்று வருகிறது. சட்டம் ஆட்சியோடு வரும், ஆட்சியோடு போகும். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், குடிகாரன் வீட்டு வாசலில் மாலைதோறும் போய் நிற்கும் தொண்டரின் வேலை மட்டும் எக்காலத்தும் ஓய்வதில்லை.

தறி ஓசைக்கு நடுவே

பிற்பகல் பள்ளிபாளையம் நோக்கிச் சென்றோம். காவிரிக்கரையை நெருங்க நெருங்க, வீடுகளுக்குள்ளிருந்து விசைத்தறி ஓசை எழுந்தது. இங்கே பல குடும்பங்கள் முதலாளியிடம் முன்பணம் பெற்று, அது தீரும் வரை அத்தறியை விட்டு அகல முடியாமல் உழைப்பவை. 2025-ஆம் ஆண்டில் இப்பகுதித் தொழிலாளர் சிலர் கடன் தொல்லையால் தம் சிறுநீரகத்தையே விற்ற செய்தி வெளியாகி, அரசு விசாரணை நடைபெற்றதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். உடலுறுப்பை விற்கும் வரை ஒருவர் தனித்து விடப்பட்டார் எனில், அவ்வீதியில் அவர் கதவைத் தட்டிக் கேட்க ஆளில்லாமற் போயிற்று என்பதே பொருள்.

ஆள் இருந்த காலமும் உண்டு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பெற்றன. அடுத்த சில ஆண்டுகளில், நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் அத்திட்டம் வந்தது. 1992-இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் இப்பணி விரிந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. அதற்கு ஓர் ஊக்குநர், ஒரு பிரதிநிதி. இவர்களுக்குத் தனிப் பயிற்சி. தீர்மானம் எழுதுதல், ரொக்கப் பதிவேடு வைத்தல், வங்கி அலுவலரிடம் அஞ்சாமல் பேசுதல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. கையெழுத்திடத் தெரியாத பெண்கள் பேரேட்டில் கையெழுத்திட்டனர்.

இதே சேலம் மாவட்டத்தில்தான் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய அவலமும் இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இம்மாவட்டத்தில் இருந்தனர். 2011-இல் அத்தொகை 900-ஐக் கடந்தது. தொட்டில், சட்டம், கல்வி எனக் காரணங்கள் பலவாகலாம். ஆயினும் பிரசவ வீட்டுக்குள் சென்று மாமியாரிடம் பேசும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை; அடுத்த வீட்டுப் பெண்ணுக்கே உண்டு.

தறிக்கூடம் ஒன்றின் அருகே தேநீர் அருந்துகையில், பொறுப்பை விட எண்ணியிருந்த அந்த அம்மையாரிடம் காரணம் கேட்டோம்.

“பயிற்சியெல்லாம் நல்லாத்தானுங்க சாமி குடுத்தாங்க. நோட்டு எழுதறது, பேங்குல பேசறது எல்லாம் அங்கதானுங்க கத்துக்கிட்டேன். அப்புறம் யாருங்க வந்தாங்க? ‘இத்தன வருசமா ஊருக்காக ஓடறயே, உன்னைய யாரு கேட்டாங்க’ன்னு எங்க வூட்டுக்காரரு கேக்கறாருங்க. அதுக்குத்தானுங்க எங்கிட்ட பதில் இல்லை.”

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். தனியார் கடன் கம்பெனி ஒன்றின் ஆள் அவரைத் தேடி வந்தாராம். பத்துப் பெண்களைச் சேர்த்துக் கொடுத்தால் தனக்கு இவ்வளவு என்று சொன்னாராம். “நீங்க சொன்னா கேப்பாங்கன்னுதானுங்க எங்கிட்ட வந்தாங்க. நான் மாட்டேன்னுட்டேன். பக்கத்துத் தெருவுல எங்கூடப் பயிற்சிக்கு வந்தவ சரின்னுட்டாளுங்க. அவளைக் குத்தம் சொல்ல முடியாதுங்க சாமி, அவ வூட்லயும் அடுப்பு எரியோணுமல்ல.”

எம்முடன் வந்தோரில் எவரும் அதன்பின் பேசவில்லை. நாள் முழுதும் நாம் தேடி அலைந்த விடை அங்கேதான் இருந்தது. இருபது ஆண்டு உழைத்து அப்பெண் ஈட்டியது ஊராரின் நம்பிக்கை. பயிற்றுவித்தோர் அதனைப் பேணாது விட்டனர். கடன் கொடுப்போர் அதனை விலைக்குக் கேட்டனர். குழுவாக இணைந்தோர் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றல் என்பது சேமிப்புக் குழுவில் தோள்கொடுத்தலாய் இருந்தது. வாரத்தவணை வசூலில் அதுவே கழுத்தை நெரிக்கும் கயிறாயிற்று. ஆந்திரத்தில் இத்தகைய வசூல் கொடுமை முற்றி 2010-இல் அவசரச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் நன்றே. ஆனால் தொண்டர் வசூல்காரராய் மாறுவதைச் சட்டம் தடுக்காது. அவரைத் தாங்கும் சமூகமே தடுக்கும்.

அயல்நாட்டார் கண்ட வழி

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் நோவாஸ்கோஷியாப் பகுதியில் வறுமையுற்ற மீனவர்க்கும் சுரங்கத் தொழிலாளர்க்கும் இடையே, அந்திகோனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928-இல் ஒரு விரிவாக்கத் துறையை அமைத்தது. அதன் தலைவர் மோசஸ் கோடி என்னும் குரு. வீட்டுச் சமையலறைகளில் படிப்பு வட்டங்கள் கூடின. அவற்றிலிருந்து கூட்டுறவுக் கடன் சங்கங்கள் எழுந்தன. வட்டத்தை நடத்தியோர் ஊராரே; ஆயினும் நூல் அனுப்பவும், ஐயம் தீர்க்கவும், சோர்ந்தோரைச் சந்திக்கவும் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. அப்பெயரால் 1959-இல் அமைந்த கோடி நிறுவனத்தில் நம் நாட்டினர் பலரும் பயின்றுள்ளனர்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1939-இல், இறைச்சித் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் சால் அலின்ஸ்கி என்பார் மக்களை ஒன்றுதிரட்டினார். அவர் யூதர், அவருக்குத் துணைநின்றவர் கத்தோலிக்கத் துணை ஆயர் பெர்னார்டு ஷீல். அலின்ஸ்கி பல நகரங்களில் புகழ் பெற்றபோதும், அமைப்பாளர்களுக்கு முறையான பயிற்சி நிலையம் ஏற்பட்டது 1969-இல்தான். 1972-இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற எட்வர்டு சேம்பர்ஸ், அமைப்பாளர்க்கும் குடும்பம் உண்டு, அவர்க்குத் தக்க ஊதியமும் தொடர்பயிற்சியும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வூதியத்துக்கான பணத்தைப் பங்குகளும் சங்கங்களும் தம் சந்தாவாகத் தாமே செலுத்த வேண்டும் என்பதும் அவ்வமைப்பின் விதி. பணம் கொடுப்பவரே எசமானர் ஆவதால், எசமானர் மக்களாகவே இருக்கட்டும் என்பது அதன் உட்பொருள்.

நம் முன்னோர்க்கும் இது தெரியாததன்று. மலையடிவாரச் சிற்றூர்களில் குரு ஆண்டுக்கு இருமுறையே வந்த நாளில், மந்திரம் கற்பித்தும், மனு எழுதியும், நோயாளியைக் கட்டிலோடு தூக்கிச் சென்றும் ஊரைக் கட்டிக் காத்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுக்குக் கிடைத்த படி மிகச் சிறிது. ஆனால் அறுவடை நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி தானியம் அவர் வீட்டுக்குச் சென்றது. அவர் ஊருக்கு உரியவர் என்பதற்கு அதுவே சான்று.

நாம் செய்யத்தக்கவை

வாசக நேயர்களே, பயிற்சி முகாம் நடத்துவது எளிது. பதாகை கட்டலாம், படம் எடுக்கலாம், சான்றிதழ் வழங்கலாம். முகாம் முடிந்த நான்காம் மாதத்தில் அத்தொண்டரின் வீட்டுக்குச் சென்று, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பதே அரிது. பயிற்சிக்கு ஒரு பங்கு செலவிட்டால் தாங்குதலுக்கு மூன்று பங்கு வைக்க வேண்டும் என்பது இப்பயணத்தில் நாம் கண்டுகொண்டது.

பேரவை மீண்டும் கூடியபோது நான்கு முடிவுகள் எடுக்கப்பட்டன. எவரும் தனியே அனுப்பப்படார்; ஓர் ஊருக்கு இருவர். பேருந்துச் செலவும் தொலைபேசிச் செலவும் மாதம் முதல் வாரத்திலேயே, கேளாமலே, கொடுக்கப்படும். கேட்க வைப்பதே அவமதிப்பு. மாதத்தில் ஒரு நாள் ஒன்பது பேரும் கூடுவர். அன்று அறிக்கை வாசித்தல் இல்லை, உணவும் உரையாடலும் மட்டுமே. இதற்கான பணம் வெளியிலிருந்து வராது. வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் வீதம் பங்கு மக்களே தருவர். ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் செலவு அது. “இருபது ரூபாய் பெரிதன்று, ஆனால் அதைத் தருபவன் நாளை அத்தொண்டரைப் பார்த்து ‘நீ யார் கேட்க’ என்று சொல்லமாட்டான்” என்றார் பேரவையின் மூத்த விவசாயி ஒருவர்.

அந்த அம்மையார் ஓர் ஆண்டு தொடர்ந்து பார்க்கிறேன் என்று இசைந்துள்ளார். அதற்கு அவர் ஒரு நிபந்தனை விதித்தார். பக்கத்துத் தெருவில் கடன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் அந்தத் தோழியையும் மாதக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்றார். பேரவையில் சிலர் முகம் சுளித்தனர். நாமோ, அந்நிபந்தனையைக் கேட்ட பின்னரே, இவர் உண்மையாகவே பயிற்சி பெற்றவர் என்று அறிந்தோம்.